கரையில் நின்றவனின் மூச்சு

அந்தமானுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் செஞ்சியில் முதல் கேள்வி, ஜெயிலைப் பார்த்தாயா என்பதுதான். பார்க்கவில்லை. நான் போனது அங்கிருந்து கப்பலில் இன்னும் கொஞ்ச நேரம் போனால் வருகிற ஒரு சின்னத் தீவுக்கு. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் மீன் பார்க்கிறவர்கள் வந்து தங்குகிற இடம். நான் மீனும் பார்க்கவில்லை. ஐந்து நாள் கரையில் இருந்தேன். அதற்காகத்தான் என்னை அனுப்பினார்கள்.

அனுப்பியது அண்ணி. அண்ணன் மகளுக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அண்ணன் கிணற்றில் இறந்துபோனான். அதிலிருந்து தண்ணீர் என்றாலே அண்ணிக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் கோட்டைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றால், குளத்துப் பக்கம் விடாதீர்கள் என்று டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அப்படி வாளித் தண்ணீரில் குளித்தே வளர்ந்த பெண், சென்னைக்குப் போய் ஒரு வருஷமாக யாருக்கும் தெரியாமல் நீச்சல் கற்றிருக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள், அந்தமானில் கடலுக்குள் முங்கப் பணம் கட்டிவிட்டேன் என்று சொன்னாள்.

அண்ணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

“நீங்க கூடப் போங்க தம்பி,” என்றார். “கரையில நீங்க நின்னா போதும். எனக்கு பயம் இருக்காது.”

லீவு கிடைக்காது என்றேன். நான் நெல் மண்டியில் எடை போடுகிறவன், தை மாசி என்றால் மூட்டை வந்து குவிகிற காலம். எனக்கு பிரஷர் இருக்கிறது என்றேன். என் மனைவிக்கு மூட்டுவலி என்றேன். மூட்டுவலி எனக்குத்தானே, நீங்க போயிட்டு வாங்க என்று அவளே உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. கரையில் நிற்க அண்ணி தேர்ந்தெடுத்த ஆள், அண்ணன் சாகும்போது கரையில் நின்ற ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் எப்படி நின்றேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதைச் சொல்லிவிட்டுத்தான் தீவுக்குப் போக முடியும்.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெடிவைத்து இறக்கியவை. தண்ணீர் இறைக்கிற குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கும். பாசியோ பிளாஸ்டிக் கவரோ போய் அதில் அடைத்துக்கொண்டால் மோட்டார் சும்மா ஓடும், தண்ணீர் வராது. யாராவது அடிவரைக்கும் முங்கிப்போய் அதைப் பிடுங்கிவிட்டு வர வேண்டும். அண்ணன் அதில் பேர்போனவன். அவலூர்பேட்டை ரோட்டில் எந்த விவசாயியின் கொல்லையில் வால்வு அடைத்தாலும் ஆள் அனுப்புவார்கள். அவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவான். மேலே கயிற்றைப் பிடிக்க நான் போவேன்.

கயிறு பிடிக்கிறவனுக்கு ஒரு வேலை உண்டு. முங்குகிறவன் தலை தண்ணீருக்குள் போன அந்த நொடியில் மேலே நிற்கிறவனும் மூச்சை அடக்க வேண்டும். மனதுக்குள் எண்ணிக்கொண்டே வர வேண்டும். இனி தாங்காது என்று ஆகும்போது, கீழே என்ன நடக்கிறது என்று யோசிக்காமல் இழுத்துவிட வேண்டும். வாட்ச் எதற்கும் ஆகாது என்பான் அண்ணன். வாட்ச் பார்க்கிறவன் பேச்சுக் கொடுத்தால் பேசிக்கொண்டு நிற்பான், மூச்சுத் திணறுகிறவன் நிற்க மாட்டான். அதனால் கயிற்றைப் பிடிக்கிறவன் எப்போதும் முங்குகிறவனைவிட மூச்சு குறைந்தவனாக இருக்க வேண்டும். எனக்குச் சின்ன வயதில் வீசிங். எழுபதுக்கு மேல் எண்ண முடியாது. அவன் நூறு வரைக்கும் தாங்குவான். என்னை அவன் கூட்டிக்கொண்டு போனது தம்பி என்ற பாசத்தினால் இல்லை. என் நுரையீரல் மட்டமானது என்பதால்தான்.

அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இருபத்தாறு வயது ஆண்பிள்ளையை, உன் நுரையீரல் மட்டம், அதனால் நீ வேண்டும் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? மூன்று மாதம் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தொட்டியில் முகத்தை முக்கிப் பழகினேன். எண்பது வந்தது, தொண்ணூறு வந்தது, ஒரு நாள் நூற்றிருபது வந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. அடுத்த முறை நான் இறங்குகிறேன், நீ கயிறு பிடி என்று சொல்லி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

கார்த்திகை மாதம், கிணறு முக்கால் வரைக்கும் நிறைந்திருந்தது. கொல்லைக்காரர் மோட்டார் கொட்டகையில் இருந்தார். அண்ணன் இறங்கினான். நான் எண்ண ஆரம்பித்தேன். எழுபது வந்தபோது, இறங்க வேண்டியில்லாத பஸ் ஸ்டாப் மாதிரி அது பாட்டுக்குக் கடந்து போயிற்று. எனக்குக் குஷியாக இருந்தது. இதைத்தான் இருபத்துநாலு வருஷமாக யாரிடமும் சொல்ல முடியவில்லை. நூறைத் தாண்டியபோது நான் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு, மூச்சை விடாமல், உள்ளுக்குள் சிரித்தேன். அவனைவிட எனக்கு மூச்சு அதிகம் என்று நினைத்தேன். அவன் ஏன் இன்னும் மேலே வரவில்லை என்று நினைக்கவில்லை.

நூற்றிருபதில் இழுத்தேன். கயிறு விறைத்தது, வரவில்லை. குதித்தேன். யாரோ எப்போதோ போட்டிருந்த நைலான் கயிறு குழாயோடு சேர்ந்து அவன் காலில் சுற்றியிருந்தது. பிரித்துவிட்டேன். அதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. எழுபதில் இழுத்துப் பார்த்திருந்தால் அப்போதே குதித்திருப்பேன், அப்போதும் அதே நேரம்தான் ஆகியிருக்கும்.

போலீஸ் கேட்டது, ஊர் கேட்டது, அண்ணி கேட்டார். கயிறு எப்படிச் சிக்கியது என்று கேட்டார்கள். எத்தனை எண்ணினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு நான்தான் எல்லாம். ரேஷன், கரண்ட் பில், பள்ளிக்கூடம், காலேஜ், எதற்கும் குறைவைக்கவில்லை. அண்ணன் குடும்பத்தைக் கைவிடாதவன் என்று எனக்கு ஊரில் நல்ல பேர். அந்தப் பேரை நான் அனுபவித்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இப்போது தீவு.

போய் இறங்கியதும் என்னையும் முங்கச் சொன்னார்கள். ஒரு தாளில் நிறைய கேள்விகள். ஆஸ்துமா, வீசிங் உண்டா என்ற இடத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து அன்றுவரைக்கும் எந்தத் தாளிலும் அவ்வளவு சந்தோஷமாக டிக் போட்டதில்லை. அப்படியானால் நீங்கள் கரையில்தான் என்று சொல்லி, சொல்லிக்கொடுக்கிற பெண் ஒரு பலகையைக் காட்டினாள். முங்காதவர்கள் பொழுதுபோக்க என்னென்ன செய்யலாம் என்று அதில் கலர் கலராக எழுதியிருந்தது. காட்டு வழியாக நடந்துபோய் மலைமேட்டிலிருந்து கடலைப் பார்க்கலாம். உப்புத்தண்ணீரில் வளர்கிற கண்டல் காட்டுக்குள் துடுப்புப் படகில் போகலாம். சைக்கிள் எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகலாம். மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொள்ளலாம். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவார்கள். சூரியன் மறைவதைப் பார்க்கலாம்.

செஞ்சிக்காரனை மலைமேடு ஏறச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதே மூன்று மலை தெரியும். ராஜகிரிக் கோட்டையில் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற சென்னைக்காரர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இதற்கு விமானம் ஏற வேண்டுமா என்று அண்ணன் மகளிடம் முணுமுணுத்தேன். எல்லாத்தையும் பண்ணு சித்தப்பா, நான் தண்ணிக்குள்ள இருக்கிறப்போ நீ பாட்டுக்கு ஜாலியா சுத்து என்றாள்.

முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில்தான் பயிற்சி. மத்தியானம் சாப்பிட வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அண்ணன் சிரிப்பு. வஞ்சிரம் வறுவலைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

“இதுல மொத ரூல் இன்னா தெரியுமா சித்தப்பா? மூச்ச அடக்கவே கூடாதாம். இழுத்து இழுத்து விட்டுகினே இருக்கணுமாம். அடக்குனா நுரையீரலே கிழிஞ்சிடுமாம்.”

நான் தண்ணீர் குடித்தேன். இன்னும் ஒரு டம்ளர் குடித்தேன். நைனா முங்குனப்போ இதெல்லாம் இல்லல்ல என்று அவள் கேட்டாள். இல்லை என்றேன். அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான். ஃபோட்டோவில் இருக்கிற ஆளுக்கு ஒரு குரலும் நடையும் கொடுத்தது நான்தான். நைனா எவ்வளவு நேரம் முங்கியிருப்பார் என்று சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் நூறு வரைக்கும் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் படகு அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று. பலகையில் இருந்தபடி காட்டு வழியில் நடக்கலாம் என்று கிளம்பினேன். ஒரு திருப்பத்தில் மரங்கள் படகை மறைத்தன. அங்கிருந்தே திரும்பிவிட்டேன். சைக்கிளை எடுத்தேன், மார்க்கெட் கடலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது, அதையும் விட்டுவிட்டேன். கடைசியில் படகுத்துறையிலேயே ஒரு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். கடைக்காரம்மா தமிழ்தான். நான்காவது டீ வைத்தபோது, நெஞ்சு வலிக்குதா அண்ணே என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விடுவது, மறுபடி அடக்குவது, அறுபதில் விடுவது, மறுபடி அடக்குவது. அவள் கீழே முக்கால் மணி நேரம் இருப்பாள், காற்று அவள் முதுகிலேயே இருக்கிறது என்று புத்திக்குத் தெரிகிறது. நெஞ்சு கேட்டால்தானே.

அண்ணி ஃபோனில் கூப்பிட்டார். கரையில நிக்கிறீங்களா தம்பி என்றார். நிக்கிறேன் அண்ணி என்றேன்.

மூன்றாம் நாள் பதினொன்றரைக்கு வர வேண்டிய படகு பன்னிரண்டுக்கும் வரவில்லை. கேட்டால், வந்துவிடும் என்றார்கள். பன்னிரண்டரைக்கும் வரவில்லை. வேறு படகுகள் வந்தன, சிரித்துக்கொண்டே ஆட்கள் இறங்கினார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு மணிக்கு நான் வேட்டியோடு கடலில் இறங்கிவிட்டேன். அவள் இருந்த இடம் கண்ணுக்கெட்டாத தூரம். நெஞ்சு வரைக்கும் தண்ணீரில் நின்றுகொண்டு, இல்லாத ஒரு கயிற்றை இழுக்கிறவன் மாதிரி கையைக் கையை வீசியிருக்கிறேன். டீக்கடையம்மாதான் பிறகு சொன்னார். இரண்டு பேர் இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார்கள். அப்போது படகு வந்தது. என்ஜின் மக்கர் பண்ணி நடுவில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் படகிலிருந்தே பார்த்துவிட்டாள். ஈர உடுப்போடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்துக் கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். என் முகத்தில் எதைக் கண்டாளோ, கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் யாரும் முங்கக் கூடாது. ஆழத்துக்குப் போய் வந்த உடம்போடு உடனே விமானம் ஏறினால் ஆபத்தாம். ஒரு நாள் கரையில் இருந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம். ஆகவே அன்று அவளும் கரைக்காரி. பலகையில் இருந்ததையெல்லாம் ஒரே நாளில் முடித்துவிடுவது என்று கிளம்பினாள். காட்டு வழியில் நடந்தோம். மலைமேட்டில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டோம். மார்க்கெட்டில் அண்ணிக்கு ஒரு சங்கு வாங்கினாள். கண்டல் காட்டில் படகு போகும்போது, வேர்கள் தண்ணீரிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டு நின்றன. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் சூரியனைப் பார்க்கிறதற்காகக் கடற்கரையில் உட்கார்ந்தோம். சூரியனை நாங்கள் பார்க்கவில்லை.

“நேத்து ஒனக்கு இன்னா ஆச்சு சித்தப்பா?”

சும்மாதான், பயந்துவிட்டேன் என்றேன்.

“அது பயமில்ல. நீ அழுதுகினு இருந்த. நைனா பேரச் சொல்லிகினு இருந்த.”

எனக்கு அது தெரியாது. தெரிந்த பிறகு எதை மறைக்க? சொன்னேன். வால்வு, கயிறு, மூச்சை அடக்குகிற வழக்கம், மட்டமான நுரையீரல், சிமென்ட் தொட்டி, எல்லாம் சொன்னேன். எழுபது என்றும் நூற்றிருபது என்றும் சொன்னேன். நூறைத் தாண்டியபோது சிரித்தேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய் என்று தோன்றியது. அவள் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கை நடுவில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

“எழுவதுல இழுத்திருந்தா?” என்று கேட்டாள்.

“பொழச்சிருப்பான்னுதான் நெனைக்கிறேன்.”

எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“எண்ணு,” என்றாள். “அன்னிக்கி எப்பிடி எண்ணுனியோ அப்பிடி.”

வாயை மூடிக்கொண்டு, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்று என்றேன். கொஞ்சம் வேகமாக எண்ணிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த அற்பத்தனம் என்னைவிட்டு இன்னும் போகவில்லை. வேகமாக எண்ணவில்லை. ஐம்பதில் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. எழுபதில் கண்ணில் நீர் வந்தது. எழுபது என்று சொன்னதும் நான் நிறுத்தினேன், அவள் இன்னொரு கையால் எண்ணு என்று சைகை காட்டினாள். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. அவள் மணலை இறுக்கிப் பிடித்தாள், குதிகால் மணலில் உதைத்தது. எண்பத்துமூன்றில் வாயைப் பிளந்துகொண்டு முன்னால் விழுந்து இருமினாள். முதுகில் தட்டப்போன என் கையைத் தள்ளிவிட்டாள்.

மூச்சு திரும்பியதும் கேட்டாள். “மிச்சம் எவ்ளோ?”

“முப்பத்தேழு.”

“எண்ணு.”

“வேணாம்மா.”

“எண்ணு சித்தப்பா.”

எண்பத்துநாலு என்று ஆரம்பித்தேன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூச்சை இழுத்து விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தொண்ணூறு வரைக்கும் குரல் வந்தது. அதற்குப் பிறகு உதடுதான் அசைந்தது. நூறில் அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்த இடம் அது. நூற்றிருபதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது கயிற்றைப் பிடித்திருந்த எனக்கு அன்று தெரியவே இல்லை. தீவின் கரையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

முடிந்ததும் அவள் எழுந்து மணலைத் தட்டிவிட்டாள்.

“அம்மாகிட்ட நீயே சொல்லு. எனக்கு எண்ணுன மாதிரியே எண்ணு.” அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட். சாப்டியா என்று ஒரு தடவை கேட்டாள்.

சங்கை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் சென்னையிலேயே இருந்துகொண்டாள். நான் செஞ்சிக்குப் பஸ் பிடித்து வந்தேன். வந்து ஒன்பது நாள் அண்ணி வீட்டுப் பக்கம் போகவில்லை. மண்டியில் வேலை என்று சொல்லிவிட்டு, வேண்டாத மூட்டையெல்லாம் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் காலையில் சங்கை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். சங்கை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணன் ஃபோட்டோவுக்குக் கீழே வைத்தார். உங்களை நம்பித்தான் அனுப்பினேன், பத்திரமாகக் கூட்டி வந்துவிட்டீர்கள் என்றார். பிறகு, தோசையைத் திருப்பிப் போட்டபடி சாதாரணமாகக் கேட்டார்.

“அவ தண்ணியில இருந்தா. நீங்க கரையில அத்தினி நாளா இன்னா பண்ணீங்க தம்பி?”

“எண்ணிக்கினு இருந்தேன் அண்ணி.”

என் குரல் அவருக்குச் சரியாகப் படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“எத எண்ணுனீங்க?” என்றார்.

எழுபத்தொன்றிலிருந்து ஆரம்பித்தேன்.